டாக்டர் எம்.கே. மணியின் சிறுநீரக ஆய்வுகள் நம் இராமநாதபுரம் கடற்கரைக்குப் பொருந்துமா?

முகவைத் தமிழ் – இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். நம் ஊர்களில் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், டயாலிசிஸுக்கு எங்கே இடம் கிடைக்கும், மதுரைக்கு அலையாமல் முடியுமா, காப்பீட்டு அட்டை செல்லுமா என்ற கேள்விகளோடு அது முடிந்துவிடுகிறது. அவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனாலும், அந்த நிலைக்கு ஒருவர் வந்து சேராமலே காக்க முடியுமா என்ற கேள்வியை ஓர் ஆய்வுத் திட்டமாகவே நடத்திக் காட்டிய தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் இருக்க, அவரைப் பற்றி நாம் பேசாமலிருப்பது குறையாகவே எனக்குப் படுகிறது. டாக்டர் எம்.கே. மணியைத்தான் சொல்கிறேன்.

மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையிலும், பிறகு சென்னை அப்போலோவிலும் சிறுநீரகப் பிரிவை நடத்தியவர். 1991இல் பத்மபூஷண் விருது பெற்றவர். சண்டிகரில் டாக்டர் கிர்பால் சுக் இத்துறைக்கு ஒரு கல்விப் பரம்பரையையே உருவாக்கினார். வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. மணியும் அந்தத் தலைமுறையின் வழியிலேயே டயாலிசிஸ், மாற்று அறுவை சிகிச்சை என்று பெரிய மருத்துவமனைகளில் பணிபுரிந்தவர். சிறுநீரக விற்பனை வெளிப்படையாக நடந்த காலத்தில், பணத்துக்காக உறவல்லாதவரிடமிருந்து சிறுநீரகம் பெறுவது தவறு என்று துணிந்து எழுதினார். 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வருவதற்கு முன்பே எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய மருத்துவ இதழொன்றில் சென்னையிலிருந்து எழுதும் கடிதமாகப் பல ஆண்டுகள் அவர் எழுதிய பத்தியும் இதே துணிவைக் காட்டும்.

அவரது வாழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதற்குப் பின் வந்த பணியாகும். சிறுநீரகம் முழுவதும் செயலிழந்த எல்லோருக்கும் டயாலிசிஸோ மாற்று அறுவை சிகிச்சையோ கொடுக்க இந்தியாவால் இயலாது என்பதை, அவற்றையே தொழிலாகக் கொண்ட ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு, நோய் தொடங்கும் இடத்துக்கே போனார். சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாக, நகரத்துக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஏறத்தாழ 25,000 பேரை ஆண்டுதோறும் வீடு வீடாகப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். அந்தந்தக் கிராமத்தில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் கேள்வித்தாளை வைத்து விசாரித்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே சோதித்தார்கள். குறை தெரிந்தவர்களை மட்டும் மருத்துவர் பார்த்தார்.

மருந்துகளிலும் அதே சிக்கனம் இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதையசைடு, ஹைட்ராலசின். சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். எல்லாமே பழைய மருந்துகள், விலை குறைந்தவை. 2003இல் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழின் இணைப்பில் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி, இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 96 விழுக்காட்டினருக்கு அது 140/90க்குள் அடங்கியது. சர்க்கரை நோயாளிகளில் 52 விழுக்காட்டினருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. மொத்த மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு 0.27 டாலர் மட்டுமே.

ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை அவர் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். மணியின் பணியை அப்படி மட்டும் அளந்தால் போதாது என்பது என் கருத்து. ஆய்வகமோ நிபுணரோ இல்லாத ஓர் ஊரில் அதைத் திரும்பச் செய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே என் கேள்வி இதுதான்: தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் நம் கடற்கரைக் கிராமங்களில், அவர் வகுத்த முறையை அப்படியே எடுத்துச் செய்யலாமா? மருத்துவத் துறையில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

ஆய்வகக் கண்ணாடி

நல்ல இழை ஐயா. நான் இராமநாதபுரத்தில் ஆய்வக நுட்பநராக இருக்கிறேன். நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன சிறுநீர்ச் சோதனையை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அந்தத் திட்டத்தின் அறிவுக்கூர்மை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புரதத்துக்கு அவர்கள் பயன்படுத்தியது சல்ஃபோசாலிசிலிக் அமிலம். தெளிந்த சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சில சொட்டு அமிலம் விட்டால், புரதம் இருக்கும் சிறுநீர் கலங்கும். லேசாகக் கலங்கினால் புரதம் குறைவு. தயிர்போலத் திரண்டால் மிகுதி. குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்து, எழுத்து தெரிகிறதா, மங்குகிறதா, மறைகிறதா என்று தரம் பிரிக்கலாம். சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல். ஐந்து மில்லி நீலக் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம் என்று மாறிக்கொண்டே போகும். எங்கள் வயதுக்காரர்கள் பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்ட சோதனை இது. இன்று சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டை வந்துவிட்டதால் பலர் இதைச் செய்வதில்லை. பட்டை வசதியானதுதான். ஆனால் மூடியைச் சரியாக மூடாமல் விட்டால், நம் கடற்காற்றின் ஈரத்தில் அது விரைவில் கெட்டுவிடும். கெட்ட பட்டை தவறான நிறம் காட்டும். கரைசலும் அமிலமும் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை.

பள்ளிப் படிப்பு முடித்த ஒரு பெண் இரண்டே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய சோதனையைத் தேர்ந்தெடுத்து, அதன் முடிவை உலகின் முதன்மையான சிறுநீரக இதழ்களில் ஒன்று ஏற்கும் தரத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். கருவி எளியதாக இருக்கலாம், பதிவு எளியதாக இருக்கக் கூடாது என்ற பாடத்தை நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். என் வாக்கு உங்கள் பக்கமே.

அளத்து மகள்

முகவைத் தமிழ் ஐயாவுக்கும் ஆய்வகக் கண்ணாடி அண்ணனுக்கும் வணக்கம். டாக்டர் மணியின் பணி மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் 'அப்படியே' என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் குடும்பம் உப்பளக் குடும்பம். நான் செவிலியர். மணியின் திட்டம், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதன்மைக் காரணங்கள் என்ற அடிப்படையில் நிற்கிறது. பொதுவாக அது சரி. 2012இல் வெளியான இந்திய சிறுநீரக நோய்ப் பதிவேட்டின் அறிக்கையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் இருக்கிறது. அதில் 31 விழுக்காட்டினருக்குக் காரணம் சர்க்கரை நோய். ஆனால் அதே அறிக்கையில் அடுத்த இடத்தில் இருப்பவர்கள், காரணமே கண்டுபிடிக்க முடியாத 16 விழுக்காட்டினர். எங்கள் அளத்துப் பக்கத்தில் நான் பார்க்கிற பலர் அந்த வகையில் வருகிறார்கள். நாற்பதைத் தாண்டாத ஆண், சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் நோய் முற்றிய பிறகே ஏறுகிறது, சிறுநீரில் புரதம் இல்லை, இருந்தாலும் சுவடளவே. அமிலம் விட்டால் கலங்காது. ஆகவே மணியின் வலையில் இவர்கள் விழமாட்டார்கள். அந்தக் குழாயைப் பார்த்து 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பினால், அது சோதனையே செய்யாமல் விடுவதைவிடக் கேடு.

அளத்து வேலையை அருகிலிருந்து பாராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்குவார்கள். பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவது, வாருபலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவிப்பது, சுமந்து கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவது எல்லாமே உடம்பு முறியும் வேலை. பத்து மணிக்கு மேல் வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் வருவதில்லை, வெள்ளை உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். சுற்றிலும் நிழலுக்கு ஒரு மரம் நிற்காது. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் அதற்குள் வெந்நீராகியிருக்கும். பெண்கள் அதையும் குடிப்பதில்லை, ஏனென்றால் ஒதுங்க மறைவிடம் இல்லை. மதியத்தில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவதை எங்கள் வீட்டுப் பெண்கள் 'சூடு' என்று சொல்லி விட்டுவிடுவார்கள். நீர்க்கடுப்புக்கும் உடல்வலிக்கும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் இறங்குவார்கள்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023இல் கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்றும், ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருக்கிறது என்றும் அதில் கண்டார்கள். அதை அவர்கள் கண்டது இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்ததால். நம் கடற்கரைக்கான திட்டத்தில் கிரியாட்டினின் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கீழக்கரைத் துறை

அளத்து மகள் சொன்னதைப் படித்ததும், உலகின் மறுகோடியில் இதே காட்சியைக் கண்ட இன்னொரு சிறுநீரக மருத்துவர் நினைவுக்கு வந்தார். மணியையும் அவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்த இழையின் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று தோன்றுகிறது.

மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர் நாட்டில், சான் சால்வடோர் நகரின் ரோசாலெஸ் மருத்துவமனையில் ரமோன் கார்சியா-திரபனினோ பயிற்சி மருத்துவராக இருந்தபோது, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து வருகிறவர்களின் தொகை வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதைக் கண்டார். அவர்களில் பலரிடம் பாடநூல் சொல்லும் காரணம் எதுவும் இல்லை. மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கடந்துபோன காட்சிதான் அது. அவர் கேள்வித்தாள் எழுதிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போய் விசாரித்தார். 2002இல் வெளியான கட்டுரையில் 205 நோயாளிகளின் விவரம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ வேறு அறிந்த காரணமோ இல்லை. அவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பயிர்த்தொழிலாளர்கள், தாழ்வான கடலோரப் பகுதிகளில் வாழ்கிறவர்கள்.

இந்தக் கட்டுரையில் உயர்ந்த கருவி எதுவும் பயன்படவில்லை, சிக்கலான புள்ளியியலும் இல்லை. ஆனால் இன்று மீசோஅமெரிக்கச் சிறுநீரக நோய் என்று உலகம் அழைக்கும் ஒரு நோயின் வரலாற்றை யார் எழுதினாலும் தொடங்கும் இடம் அதுதான். ஆய்வுச் செல்வாக்கு என்று நான் கருதுவது இதைத்தான்: ஒருவர் ஒரு கேள்வியைச் சரியாகப் பதிந்துவிட்டால், அவருக்குப் பிறகு வருகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாமல் போகிறது. 2012இல் கோஸ்டாரிகாவில் இந்நோய்க்கென்றே பன்னாட்டுப் பயிலரங்கு கூடியது. 2013இல் அமெரிக்க நாடுகளின் சுகாதார அமைப்பு, மத்திய அமெரிக்க விவசாயிகளிடையே இதைக் கடும் பிரச்சினையாக ஏற்றுத் தீர்மானம் இயற்றியது.

அவரிடம் நான் மதிக்கும் இன்னொரு குணம் உண்டு. 2002இல் அவருடைய ஐயம் பூச்சிக்கொல்லி மருந்துகளின் மேல் விழுந்தது. ஆனால் அந்த ஐயத்தோடு நின்றுவிடவில்லை. 2015இல் அவர் முதன்மை ஆசிரியராக இருந்து வெளியிட்ட ஆய்வில், கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் 189 பேரை ஒரே நாளில் வேலைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். வேலை முடிந்தபோது உடலில் நீர் குறைந்திருந்தது, கிரியாட்டினின் ஏறியிருந்தது. வெப்பமும் நீரிழப்பும் முதன்மைக் காரணிகளாக இருக்கலாம் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று. தான் முதலில் ஐயுற்ற காரணத்தைவிட்டு, தரவு காட்டிய திசையில் நடந்திருக்கிறார்.

கரும்பு வெட்டுகிறவருக்கும் நம் அளத்துத் தொழிலாளிக்கும் இடையே, பயிரைத் தவிர வேறு வேற்றுமை அதிகமில்லை. ஆகவே மணியின் நடைமுறையும் கார்சியா-திரபனினோவின் கேள்வியும் சேர்ந்த ஒரு திட்டமே நமக்கு ஏற்றது.

பாம்பன் காற்று

கீழக்கரைத் துறை காக்காவின் (அண்ணனின்) பதிவோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். அவ்வளவு தொலைவு போக வேண்டாம்; நமக்கு எதிர்க்கரையான இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்தே நெல் விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டது. கிணற்று நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, காட்மியம், களைக்கொல்லி என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. 2015இல் கிளைஃபோசேட் களைக்கொல்லியை அரசு தடை செய்தது. பிறகு தடையைத் தளர்த்தியது. இன்றுவரை ஒரே காரணம் என்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஆந்திரக் கடலோரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியின் கதையும் அதுவே.

இங்கேயும் சிலர் சீமைக்கருவேலத்தைக் காரணம் சொல்வார்கள், சிலர் உவர்நீரைச் சொல்வார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு என்பதால், நீரையும் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அளப்பதற்கு முன்பே காரணத்தை அறிவித்துவிடக் கூடாது.

தொண்டி மருந்தகம்

நான் மருந்தாளுநன். இந்த இழையில் மருந்துகளைப் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன்.

மணி பயன்படுத்திய மருந்துப் பட்டியலை இன்று பார்க்கிற இளம் மருத்துவர்கள் வியப்படையலாம். ரெசர்பின் சர்ப்பகந்தியிலிருந்து வந்த மருந்து. இன்று அதை எழுதுகிறவர்கள் அரிது. மனச்சோர்வு உண்டாக்கும் என்ற அச்சத்தால் அதன் பயன்பாடு குறைந்துபோனது. 1993இல் காப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மருந்து பற்றிய ஆய்வு வெளிவந்த பிறகு, சர்க்கரை நோயில் சிறுநீரகத்தைக் காக்க அந்த வகை மருந்துகளே சிறந்தவை என்ற கருத்து உலகெங்கும் நிலைபெற்றது. அப்படியிருந்தும் மணி பழைய மருந்துகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விலைதான். மிகச் சிறந்த மருந்தைச் சிலருக்குக் கொடுப்பதைவிடப் போதுமான மருந்தை எல்லோருக்கும் கொடுப்பது மேல் என்ற முடிவு அது. அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். இன்று அதேபோலச் சிறுநீரகத்தைக் காக்கும் எனலாபிரிலும் லோசார்டானும் மலிவாகக் கிடைக்கின்றன. 2020இல் காப்புரிமை முடிந்த பிறகு சர்க்கரை நோய் மருந்தான டாபாகிளிஃப்ளோசினும் பல நிறுவனங்களின் தயாரிப்பாகக் குறைந்த விலைக்கு வந்துவிட்டது. ஆகவே அவர் காட்டிய நெறியைப் பின்பற்றுகிறவர்கள் அவரது பட்டியலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீரை மிகுதியாக வெளியேற்றும் மருந்து. டாபாகிளிஃப்ளோசினும் ஓரளவு அப்படியே. இரத்த அழுத்தம் இருக்கிறது என்று அறிந்து, சித்திரை வெயிலில் பாத்தியில் நிற்கும் ஒருவருக்கு இவற்றை எழுதினால், ஏற்கெனவே வற்றிய உடம்பை மேலும் வற்றச் செய்கிறோம். எனலாபிரில் வகை மருந்தும், நீர் பிரிக்கும் மருந்தும், கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம் என்பது மருந்தியலில் நன்கு அறியப்பட்ட உண்மை. கரி மூட்டம் போடுகிறவர்களுக்கும், கடற்பாசி எடுக்கப் போய்ப் பகலெல்லாம் கடல்நீரில் நிற்கும் பெண்களுக்கும் இது பொருந்தும். ஊசி போட்டால்தான் வலி போகும் என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப நான் நாள்தோறும் வாதாட வேண்டியிருக்கிறது.

எனவே கேள்வித்தாளில் இரண்டு கேள்விகள் கட்டாயம் இடம்பெற வேண்டும்: என்ன வேலை, வாரத்தில் எத்தனை முறை வலி மாத்திரை அல்லது வலி ஊசி.

முகவைத் தமிழ்

எல்லோரும் ஊன்றிப் படித்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அளத்து மகளின் மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மணியின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அவருடைய திட்டத்தைச் சோதனைகளின் பட்டியலாக மட்டும் பார்த்தால், புரதம் கசியாத நோயை அது தவறவிடும் என்பது உண்மையே. ஆனால் அதன் முதுகெலும்பு வேறு. ஊர்க்காரப் பெண் ஒருத்தி ஆண்டுதோறும் அதே வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் என்பதுதான் அது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கார்சியா-திரபனினோவின் முதல் ஆய்வுக்கே அந்த எல்லை இருந்தது. ரோசாலெஸ் மருத்துவமனை வரை வந்து சேர்ந்தவர்களைத்தான் அவரால் எண்ண முடிந்தது. மணியின் முறையில் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் கணக்கில் வருகிறார்கள். திட்டம் நடந்த ஊர்களையும் நடக்காத அண்டை ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் திட்டம் நடந்த ஊர்களில் குறைவு என்று பின்னர் அவர்களால் எழுத முடிந்ததும் இந்த அமைப்பினால்தான்.

இன்றைக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரகப் பாதுகாப்புக்கென்றே சிறுநீர்ப் பரிசோதனையும் நடக்கிறது. மணியின் கட்டுரைகளிலிருந்துதான் இவை பிறந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் கதவைத் தட்டும் பணியாளர் ஏற்கெனவே இருக்கிறார், கிரியாட்டினினையும் தொழில் பற்றிய கேள்வியையும் அவர் கையில் கொடுப்பதுதான் மிச்சம் என்ற நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். 2022இல் தொடங்கிய நம் அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறை இருக்கிறது. முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு இருக்குமா?

அளத்து மகள்

முதுகெலும்பு பற்றி ஐயா சொன்னதை மறுக்க எனக்கு எதுவுமில்லை. ஆய்வேடு என்ற யோசனையையும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். ஆய்வாளர்கள் வந்து இரத்தம் எடுத்துப் போய்க் கட்டுரை எழுதிய பிறகு முடிவு என்னவென்று எங்களுக்குத் தெரியாமலே போகும் நிலை வரக்கூடாது. என் மாமா ஒருவருக்கு ஏதோ ஒரு முகாமில் இரத்தம் எடுத்தார்கள். முடிவை யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு கால் வீங்கி மதுரைக்குக் கொண்டுபோனபோது டயாலிசிஸ் தவிர வேறு வழி இல்லை என்றார்கள்.

அதோடு, சோதனையோடு நிறுத்திவிடவும் கூடாது. நிகராகுவாவின் கரும்பு ஆலை ஒன்றில் தொழிலாளர்களுக்குத் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறையாகக் கொடுத்தபோது, அறுவடைக் காலத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அளத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று, மண்பானையில் நல்ல தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, மணிக்கொருமுறை கட்டாய ஓய்வு ஆகியவையும் திட்டத்தின் ஓர் அங்கமாக எழுதப்பட வேண்டும். மணியின் திட்டத்தில் நோய் கண்டவருக்கு மருந்து இலவசமாகக் கிடைத்தது. வெப்பத்தால் வரும் நோய்க்கு மருந்து நிழலும் நீரும்தான் என்றால், அவற்றையும் இலவசமாகவே கொடுக்க வேண்டும்.

கீழக்கரைத் துறை

தங்கை சொன்னதை அப்படியே ஆதரிக்கிறேன். முடிவை வீட்டுக்கே கொண்டுபோய்த் தமிழில் எழுதிக் கொடுப்பது என்ற விதியை முதல் பக்கத்திலேயே போட வேண்டும். ஆய்வகக் கண்ணாடி, கிரியாட்டினின் சோதனையை அளத்துக்காரர்களிடம் எப்போது, எப்படிச் செய்ய வேண்டும் என்பதை விளக்கினால் நல்லது.

ஆய்வகக் கண்ணாடி

விளக்குகிறேன் காக்கா. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. கடும் உடலுழைப்பு, நீரிழப்பு, முந்தைய இரவு நிறைய இறைச்சி உண்டது எல்லாமே அதைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும். வேலை முடிந்து வெயிலோடு வருகிறவரிடம் இரத்தம் எடுத்தால் நலமாயிருப்பவரும் நோயாளியாகத் தெரியலாம். கார்சியா-திரபனினோ குழு வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்தது அந்த ஏற்றத்தையே அளக்க விரும்பியதால். நிலையான நோயைக் கண்டறிவது நம் நோக்கமென்றால், விடுமுறை கழிந்த மறுநாள் காலையில், பாத்தியில் இறங்குவதற்கு முன் எடுக்க வேண்டும்.

ஒரு முறை கூடுதலாக வந்தால் நோய் என்று எழுதிவிடக் கூடாது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது ஏற்கப்பட்ட வரையறை. கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் வீதத்தைக் கணக்கிட வேண்டும். மெலிந்த உடல்வாகுள்ள பெண்ணுக்கு அறிக்கையில் 'இயல்பு' என்று வரும் எண், கணக்கிட்டுப் பார்த்தால் இயல்பாக இராது. சிறுநீரகத்தின் திறனில் பாதியளவு போகும்வரை அந்த எண் பெரிதாக ஏறாது என்பதையும் மறக்கக் கூடாது.

உப்பு வாரும் காலம் தொடங்குவதற்கு முன் தை மாதத்தில் ஒரு முறை, வெயில் முற்றிய வைகாசியில் ஒரு முறை, மழைக்காலத்தில் வேலை நின்ற பிறகு ஒரு முறை என்று ஒரே ஆளிடம் மூன்று முறை எடுத்தால், ஏறிய எண் மழையோடு இறங்குகிறதா, இறங்காமல் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். இறங்காதவர்களை முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாதிரியை எடுத்த சில மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்துவிட வேண்டும். அதனால் வாலிநோக்கம், சாயல்குடி பக்கத்து ஊர்களுக்குக் குளிர்பெட்டியோடு ஒரு வண்டி தேவைப்படும். வண்டியும் சோதனை வேதிப்பொருளும் கிடைத்தால், நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எடுத்துக் கொடுக்க அணியமாக இருக்கிறோம். முகவைத் தமிழ் ஐயா கல்லூரியில் பேசிவிட்டு, எந்த ஊரில் தொடங்கலாம் என்பதை இங்கே எழுதட்டும்.